ஒரு லிட்டர் ஆரஞ்சுத் தண்ணீர்

12 பிப்ரவரி 2001, திங்கள்

ஒத்தக்கடையில் நல்ல பனி. பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தும் வெளியே ஒன்றும் தெரியவில்லை. ஒன்பதுக்கு ஸ்கேன் சென்டர். இன்று வயிறு நான்கு, தலை இரண்டு.

வயிறு நான்கில் மூன்று பேர் மருந்துத் தண்ணீரை (இனி ம.த.) முழுதாகக் குடிக்கவில்லை. ஒரு லிட்டர், ஒரு மணி நேரம், கொஞ்சம் கொஞ்சமாக. அவ்வளவுதான் கேட்கிறோம். குடித்தால் குடல் படத்தில் வெள்ளையாகத் தெரியும். குடிக்காவிட்டால் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். எது குடல், எது கட்டி என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

இன்று கேட்ட சாக்குகள்:
– "வேப்பெண்ண கணக்காக் கசக்குது."
– "அதான் குடிச்சேன்ல." (ஜக்கில் முக்கால் பாகம் அப்படியே.)
– ஒருவர் சாக்கே சொல்லவில்லை. குரோட்டன்ஸ் தொட்டியில் ஊற்றிவிட்டார். செடி நன்றாகத்தான் இருக்கிறது.

படம் எடுப்பது என் வேலை, பார்த்துச் சொல்வது டாக்டர் சார் வேலை. ஃபிலிமை வெளிச்சப் பெட்டியில் மாட்டிவிட்டு என்னைப் பார்த்தார். "நிர்மலா, இத வச்சு நான் ரிப்போர்ட் எழுதுறதா, ஜோசியம் சொல்றதா?" கோபம் வந்தது. நானா குடிக்காமல் போனேன்?

திரும்பும்போது ஆரஞ்சு ஸ்குவாஷ் ஒரு பாட்டில், எலுமிச்சம்பழம் ஆறு.

13, செவ்வாய்

பனி இல்லை. ம.த.வில் ஸ்குவாஷ், எலுமிச்சை, சிட்டிகை உப்பு. சாரிடம் கேட்டேன். "குடிச்சாச் சரி" என்றார். ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். கசப்பு போன இடம் தெரியவில்லை.

மூன்று பேர், மூன்று காலி ஜக்கு. ஒரு அம்மா இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். படங்கள் பளிச். சார் "ம்" என்றார். அவரிடமிருந்து அதுவே பெரிய பாராட்டு.

வீட்டில் இவரிடம் மூன்று தடவை சொல்லிவிட்டேன். மூன்றாவது தடவை, வேலையை விட்டுவிட்டு சர்பத் கடை போடலாமா என்று கேட்டார். அதையும் எங்கள் சௌராஷ்டிர பாஷையில் கேட்டதால் கேலி கொஞ்சம் தூக்கல்.

14, புதன்

கொட்டாம்பட்டியிலிருந்து பெரியகருப்பன், வயது 54, விவசாயம். இரண்டு மாதமாக மேல்வயிற்றில் வலி, உடம்பு இளைப்பு. கூட வந்தவர் பெரிய மீசை. பெரியகருப்பன் பெண்ணை மருமகளாக எடுக்கப் போகிற வீட்டுக்காரர், அதாவது சம்பந்தி. பங்குனியில் கல்யாணம். யார் முதலில் நாற்காலியில் உட்காருவது என்பதற்கே இருவருக்கும் ஐந்து நிமிடம் ஆனது.

ஜக்கைக் கொடுத்துவிட்டு வேறு வேலைக்குப் போனேன். ஒரு மணி நேரத்தில் காலி. மூச்சைப் பிடிக்கச் சொன்னால் சிலை மாதிரி பிடித்தார். இந்த மாதத்தில் நான் எடுத்த நல்ல படங்களில் ஒன்று.

கணையத்தின் தலையை ஒட்டி ஒரு உருண்டை. பெரிய நெல்லிக்காய் அளவு. சாம்பல் நிறம்.

சார் வெகுநேரம் பார்த்தார். "தண்ணி முழுசாக் குடிச்சாரா?"
"குடிச்சார் சார். ஜக்கு காலி."
"அப்ப இது குடல் இல்ல. கட்டிதான்."

இருவரையும் உட்கார வைத்து மெதுவாகச் சொன்னார். கட்டி மாதிரி தெரியுது, ரிப்போர்ட் நாளைக்கு, அப்புறம் ஆபரேஷன் டாக்டரைப் பார்க்கணும். பெரியகருப்பன் ஒன்றுதான் கேட்டார். "கல்யாணத்துக்கு முன்னாடியா, பின்னாடியாங்க?"
"முன்னாடி."

வராந்தாவில் சம்பந்தி சொன்னது காதில் விழுந்தது. "அடுத்த வாரமே முகூர்த்தம் பாத்துருவோம் சம்பந்தி. நீங்க நின்னு தார வாத்துக் குடுக்கணும்."

ஃபிலிம் கழுவும் அறையில் போய்க் கொஞ்சம் அழுதேன். படம் நன்றாக வந்து என்ன?

15, வியாழன்

வெயில் ஆரம்பித்துவிட்டது. பதினொன்றுக்கு ரிப்போர்ட் வாங்க சம்பந்தி மட்டும். கேட்ட முதல் கேள்வி, கக்கூஸ் எங்கே. திரும்பி வந்து, "நேத்துலருந்து அஞ்சாறு தடவ போயிட்டேன் தாயி. உங்க ஆரஞ்சுத் தண்ணிதேன் சேரலபோல."

"நீங்க எதுக்குக் குடிச்சீங்க?"
"அவுக ஊத்திக் குடுத்தாக. வேணாம்னா சங்கடப்படுவாகல்ல."
"எம்புட்டு குடிச்சீங்க?"
"சரிபாதி. ஒவ்வொரு டம்ளரும் எனக்குக் குடுத்துட்டுத்தேன் அவுக குடிச்சாக."

கசந்த காலத்தில் ஒருவரும் பக்கத்தில் இருப்பவருக்கு ஊற்றிக் கொடுத்ததில்லை. ருசியாக்கியது நான். காலி ஜக்கைப் பார்த்துவிட்டு "குடிச்சார்" என்று அடித்துச் சொன்னதும் நான்.

ஓடினேன். ரிப்போர்ட் டைப் ஆகி மேஜையில். சார் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு தாளை இரண்டாகக் கிழித்தார். "நாளைக்கு மறுபடி எடு. பணம் வாங்காத. பக்கத்துலயே உக்காந்து குடிக்க வை." திட்டியிருந்தால் தேவலை.

சம்பந்தியிடம் அவரே சொன்னார், "கட்டி இருக்கா இல்லையான்னு நாளைக்குத்தான் உறுதியாச் சொல்ல முடியும்."

கட்டியாகவே இருந்துவிட்டால்?

16, வெள்ளி

ஏழு மணிக்கே சென்டர். இன்று ஸ்குவாஷ் பாதிதான். தானே குடிக்கிற அளவுக்கு, விருந்தாளிக்குக் கொடுக்கிற அளவுக்கு இல்லை.

சம்பந்தியை எதிரே டீக்கடைக்கு அனுப்பிவிட்டேன். பெரியகருப்பன் (இனி பெ.க.) முதல் டம்ளரை ஊற்றி என்னிடம் நீட்டினார். "நீங்க ஒரு வாய் குடிங்க தாயி." முறைத்தேன். குடித்தார். கடைசி டம்ளர் ஸ்கேன் மேஜையில் ஏறுவதற்குச் சற்று முன். பிறகு வலது பக்கம் ஒருக்களித்துப் பத்து நிமிடம், தண்ணீர் இரைப்பையைத் தாண்டி இறங்க.

"மூச்ச இழுங்க. பிடிங்க." நானும் பிடித்தேன்.

அதே இடம். வெள்ளை. உருண்டை முழுக்க வெள்ளை.

சார் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, மேலும் கீழும் இரண்டு தடவை ஓட்டிக் காட்டச் சொன்னார். "குடல்" என்றார். மறுபடி பார்த்து, "வெறும் குடல்." சிரித்துவிட்டார். வலிக்கு வயிற்றுப்புண் காரணமாக இருக்கலாம் என்று எண்டோஸ்கோப்பிக்கு எழுதினார்.

நான் போய்ச் சொன்னேன். பெ.க. மேஜையில் எழுந்து உட்கார்ந்தார்.

"கட்டி இல்லையா?"
"இல்ல."
"ஆபரேசனு?"
"வேணாம்."
"அப்ப கல்யாணத்தப் பங்குனியிலயே வச்சுக்கிறலாம்ல?"
"தாராளமா."
"சம்பந்திகிட்டச் சொல்லிட்டீகளா?"
"நீங்களே சொல்லுங்க."

இறங்கினார். கதவு, வராந்தா, படி, ரோடு. முதுகுப் பக்கம் நாடா அவிழ்ந்த ஸ்கேன் அங்கியோடு டீக்கடையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார். வேட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.