நீ நொண்டிய இரண்டு நாட்கள்

இன்று காலை பீன்ஸ் கொடிக்குக் கட்டப் பழைய வாயில் புடவையைக் கிழித்தேன். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும், கையில் இருந்ததைப் போட்டுவிட்டு என் நாயுடுபுரத்து வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டேன். நீ போய் மூன்று மாதம் ஆகிறது.

அன்றைக்கும் இப்படி ஒரு புடவைத் துண்டுதான். உன் இடது காலையும் என் வலது காலையும் சேர்த்துக் கட்டிக்கொள்வோம். ஐம்பதுகளின் கடைசியில், ஆசிரியர் பயிற்சிப் பள்ளியிலிருந்து கொடைக்கானலுக்கு முகாம் வந்திருந்தோம். ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகப் பழகத்தான் இந்த விளையாட்டெல்லாம் என்றார் டீச்சர். மூன்று கால் ஓட்டத்தில் முதலில் வரும் ஜோடி மதுரைப் போட்டிக்குப் போகலாம். அட்டுவம்பட்டிச் சரிவில் குளிரில் நடுங்கிக்கொண்டே பழகினோம். கட்டிய கால் நகரும்போது நான் "உள்ள" என்பேன். மற்றக் கால்களுக்கு நீ "வெளிய" என்பாய். "வெரசா போகணும்னு இல்ல புள்ள, சேந்து போனாப் போதும்" என்பாய்.

எனக்கு வெரசாப் போகவேண்டும். மதுரையை நான் பார்த்ததே இல்லை. நீ எடுத்து வைக்கும் எட்டோ சின்னது. வேறு ஜோடி வேண்டும் என்று உன்னிடம் சொல்லத் துணிச்சலில்லாமல் டீச்சரிடம் போய், "அவளுக்குக் கால் வலி டீச்சர், சொல்ல வெக்கப்படுறா" என்று கூசாமல் பொய் சொன்னேன்.

அவர் எல்லார் முன்னாலும் கேட்டார். "கால் வலிக்குதாம்மா?"

நீ என்னைப் பார்த்தாய்.

"ஆமாங்க டீச்சர்."

முகாம் முடியும்வரை இரண்டு நாளும் நொண்டினாய். ஏரிக்கரையில் நாம் இருவர் மட்டும் நடந்தபோதுகூட நொண்டினாய்.

வேறொருத்தியோடு ஓடி நான் ஜெயித்தேன். நொண்டிக்கொண்டே தண்ணீர் கொண்டுவந்தாய். மதுரைக்கும் போனேன், அங்கே என்ன பார்த்தேன் என்று ஒன்றும் நினைவில்லை. அதற்குப் பிறகு எத்தனை வருஷப் பழக்கம்! ஒருநாளும் நீ என்னிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பாலசமுத்திரத்துக்கு உன் காரியத்துக்கு வந்தபோது உன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மாவுக்குப் படிக்கிறப்பவே கால் வலிங்களாமே பெரியம்மா. அதான் உங்ககூட ஓட முடியலன்னு சொல்வாங்க."

"ஆமாம்மா" என்றேன். இந்த வயதிலும் அதே பொய். வெட்கங்கெட்டவள் நான்.

இப்போது எனக்கு நிஜமாகவே முழங்கால் வலி. படி இறங்கும்போது "உள்ள" என்று தானாக வாயில் வருகிறது. உன் "வெளிய"வுக்காக ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் அடுத்த காலை வைக்கிறேன்.

உனக்கு எழுதிய இந்தக் காகிதத்தை உன் மகளுக்கே அனுப்புகிறேன். அவளுக்குத் தெரியட்டும். உன் காலில் ஒரு குறையும் இருந்ததில்லை.