சொம்புத் தண்ணீர்க் காட்சி

ஜூன் 9, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். துவைத்த துணியெல்லாம் நாற்காலிகள் மேல். காந்திபுரத்தில் பஸ் மாறி சரவணம்பட்டி ஆபீஸ். வழியெல்லாம் நின்றபடி.

எட்டாவதோடு நிறுத்திவிட்டார்கள் என்னை. தனியாகப் பரீட்சை எழுதி எழுதி, அறுபது வயதில் பல்கலைக்கழகத்தில் படைப்பிலக்கியப் படிப்பு முடித்தேன். அதன்பின் கிடைத்த எழுத்து வேலைகள்: காதுகுத்துப் பத்திரிகை. ஜவுளிக்கடை நோட்டீஸ். யாரோ ஒருவரின் மணிவிழா மலருக்கு வாழ்த்து, அதிலும் என் பெயர் இல்லை.

இப்போது இந்த ஒலித்தொடர். செல்போனில் கேட்கிற கதை. 'எழுதியவர் பழனாத்தாள்' என்று முதன்முறையாகச் சொல்லப்போகிறார்கள்.

ஆபீஸை நடத்துகிற தீபக்குக்கு என் மகன் வயதுகூட இல்லை. முதல் பகுதியைப் படித்துவிட்டு:

"சூப்பருங்க ஆன்ட்டி. ஆனா வில்லன் நெலத்தப் புடுங்க வாரான். அவனுக்குப் போயி அந்தம்மா சொம்புல தண்ணி குடுக்கறாங்க. எதுக்குங்க?"

"ஊட்டுக்கு வந்திருக்கானுங்களே."

"அவன் வில்லனாச்சுங்களே!"

"வில்லனுக்குத் தாகம் எடுக்காதுங்களா?"

ஒலிப்பதிவு செய்கிற பெண் சிரித்துவிட்டாள். தீபக் சிரிக்கவில்லை. தண்ணீர் வந்தால் கேட்பவர்கள் பாதியில் போய்விடுவார்களாம். கதவைத் திறந்ததுமே அவள் அவனை அறைய வேண்டுமாம். இல்லையென்றால் வேறு ஆள் பார்ப்பார்களாம்.

அந்தக் காட்சியை எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

காற்று. கரண்ட் இல்லை. மாவு ஆட்டவில்லை.

'பாத்திரம் செய்யாததைச் செய்ய வைக்காதீர்கள்' என்று வகுப்பில் அடித்து அடித்துச் சொன்ன பேராசிரியருக்குப் போன் செய்தேன். "கொஞ்சம் வளைஞ்சு குடுங்கம்மா, வாய்ப்பு முக்கியம்" என்கிறார். மார்க் போடும்போது சொல்லியிருக்கலாம்.

என் வீட்டுக்காரர், தேங்காய் உரித்தபடியே: "ஒரு சொம்புத் தண்ணிக்கா புள்ள இத்தன ரவுசு? எடுத்துப்போட்டுக் குடு."

"உங்களையும் எடுத்துப்போடட்டுங்களா?"

அவருக்கு மதியம் ரசம் மட்டும்.

சாயங்காலம் அறைகிற மாதிரி எழுதிப் பார்த்தேன். நன்றாகவே வந்தது. அதுதான் எரிச்சல். கிழித்துப்போட்டேன்.

ஜூன் 12, வியாழன்

வெயில். துணி ஒருவழியாகக் காய்ந்தது.

தண்ணீர்க் காட்சியோடே அனுப்பிவிட்டேன், ஒரு வரி மாற்றாமல். தீபக்கிடமிருந்து பதில்: "நாளைக்கு நேர்ல வாரேங்க ஆன்ட்டி."

நேரில் எதற்கு? நல்ல செய்தியா? இராது.

ஜூன் 13, வெள்ளி

மறுபடி மழை. தீபக் பைக்கில், தொப்பலாக நனைந்து. வாசலிலேயே, "கோவிச்சுக்காதீங்க ஆன்ட்டி, சொல்ல வந்தது என்னன்னா..."

"உள்ள வாங்க கண்ணு. உக்காருங்க. மொதல்ல தண்ணி குடிங்க."

யோசிக்கவே இல்லை. சொம்பு கையில் இருந்தது.

அண்ணாந்து முழுசும் குடித்தான். வாயைத் துடைத்தான். அதற்குப் பிறகுதான் சொன்னான்: வேறு ஆள் எழுதுகிறாராம். முதல் பகுதி ஒலிப்பதிவும் முடிந்ததாம். என் பெயர் வராது.

கதவோரம் நின்ற வீட்டுக்காரர் அவனைப் பார்த்தார், அவன் கையில் இருந்த காலிச் சொம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னங் கொஞ்சம் வேணுங்களா தம்பி?" என்றார்.

தீபக்குக்கு அப்போதுதான் அந்தக் காட்சி புரிந்தது. முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் தாகம் போல. சொம்பை நீட்டினான்.

ஊற்றினேன்.