பின் சீட்டில் வந்த சீர்

ஆகஸ்ட் 3, சனி. சூஸ், துனீசியா.

விடுமுறை என்று சொல்லித்தான் என்னை ஓட்டுநராகக் கூட்டி வந்தார்கள். இதுவரை கடலில் நின்றது நாற்பது நிமிடம். மிச்சமெல்லாம் கடைத்தெரு.

வஹீபா அக்காவுக்கு அடுத்த மாதம் கல்யாணம். சீர் பரப்பும் நாளில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்ப்பார்கள். அதற்கு எங்கள் ஊர் கான்ஸ்டன்டைன் கடைத் துண்டுகள் போதாதாம், துனீசியாவிலிருந்து வந்த துண்டுகளாக இருக்க வேண்டுமாம். துண்டு தண்ணீரை உறிஞ்சினால் போதாதா என்று கேட்டேன். "உன் கல்யாணத்துக்குப் பழைய சட்டையைக் கிழிச்சுத் தரேன், போ" என்றாள் அம்மா.

காரின் டிக்கி முக்கால்வாசி நிரம்பிவிட்டது. இன்னும் ஒரு வாரம் இருக்கிறது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு.

நாபுல் வரை ஓட்டினேன். மீன் வரைந்த பீங்கான் தட்டுகள், பன்னிரண்டு பேருக்கு. அப்பா காரை விட்டு இறங்கவே இல்லை, தூங்கினார். புத்திசாலி.

ஆகஸ்ட் 6, செவ்வாய்.

அக்கா இரண்டு நாளாகக் காலையில் காணாமல் போகிறாள். இன்று பின்னாலேயே போனேன். நாங்கள் தங்கியிருக்கும் வீட்டுக்குப் பின்தெருவில் ஒரு பலகாரக் கடை. உரிமையாளர் புபக்கர் கடையை மூடப் போகிறார், மகன் பிரான்சில் கூப்பிடுகிறானாம். அக்கா அவருடைய மாவு பிசையும் மிஷின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். இருபது லிட்டர் கிண்ணம், வார்ப்பிரும்பு உடம்பு, இத்தாலியில் செய்தது, என்னைவிட வயது அதிகம்.

அக்கா வீட்டில் கேக், பக்லவா செய்து விற்கிறாள். ஆறு வருடமாகக் கையால் பிசைகிறாள். வலது மணிக்கட்டில் பட்டி கட்டாமல் அவள் தூங்கி நான் பார்த்ததில்லை.

"எப்படி இருக்குன்னு சொல்லு. எனக்குப் பிடிச்ச மாதிரி சொல்லாதே" என்றாள். மூடியைக் கழற்றிப் பார்த்தேன். பல்சக்கரங்கள் தேயவில்லை. பெல்ட் மாற்ற வேண்டும். பேரிங்கில் லேசாக ஒரு முனகல், அது ஒரு மணி நேர வேலை. நான் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். அலி மென்ஜெலி புது நகரத்து லிஃப்டுகளில் பாதி இதைவிட மோசமாகத்தான் ஓடுகின்றன. வாங்கு என்றேன். அவள் ஏற்கெனவே வாங்கியிருந்தாள், தன் சொந்தப் பணத்தில்.

அம்மாவுக்கு யார் சொல்வது? இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

ஆகஸ்ட் 7, புதன்.

யாரும் சொல்வதற்குள் அம்மா கைருவான் கம்பளம் ஒன்றை வாங்கிவிட்டாள். மூன்று மீட்டருக்கு இரண்டு. சுருட்டினால் ஆள் உயரத்துக்கு மேல்.

கார்க் கூரையில் சாமான் கட்டும் தாங்கியை நான்தான் ஜூலையில் கழற்றினேன். பெட்ரோல் வீண் என்று ஒரு சொற்பொழிவும் செய்தேன். சரி.

அளந்தேன். பின் சீட்டில் ஒரு பகுதியை மடக்கினால் ஏதாவது ஒன்றுதான் வரும். மிஷினைப் படுக்க வைக்க முடியாது, கியர் எண்ணெய் ஒழுகும். நிற்க வைத்தால் கூரைக்கு நான்கு விரல் இடைவெளி. இரவுச் சாப்பாட்டில், முட்டை வைத்துப் பொரித்த பிரிக் கையில் இருக்கும்போதே சொல்லிவிட்டேன்: "கம்பளமா மிஷினா, முடிவு பண்ணுங்க."

"எந்த மிஷின்?" என்றாள் அம்மா.

இன்னும் கொஞ்சம் நல்ல விதமாகச் சொல்லியிருக்கலாம்.

ஆகஸ்ட் 8, வியாழன்.

சண்டை. அம்மாவுக்கு மிஷின் மேல் கோபமில்லை. மாப்பிள்ளை ஃபோதிலின் அம்மா லல்லா ஸகியாவை நினைத்துத்தான் பயம். அந்த வீட்டில் எந்த மருமகளும் வேலைக்குப் போனதில்லை. போகும்போதே மிஷினோடு போனால், இந்த வீட்டில் பெண்ணை உழைக்க வைத்துச் சாப்பிட்டார்கள் என்று பேச்சு வருமாம். ஒரு வருஷம் போகட்டும், ஒரு குழந்தை பிறக்கட்டும், அப்புறம் மெதுவாக எடுத்துப் போகலாம் என்கிறாள்.

"ஒரு வருஷம் கழிச்சு எந்த வாடிக்கைக்காரி என்னை ஞாபகம் வெச்சிருப்பா?" என்றாள் அக்கா. குரலை உயர்த்தவே இல்லை. "இப்போ போகலேன்னா அது போகவே போகாதும்மா. உனக்கும் தெரியும்."

ஃபோதிலுக்குச் சம்மதமா என்று கேட்டேன். சம்மதமாம், ஆனால் தன் அம்மாவிடம் சொல்ல மாட்டானாம். நல்ல ஆம்பளை. எழுதிவிட்டேன், இனி அழிக்கப் போவதில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி.

தொழுகை முடிந்து வந்த அப்பா ஐந்து நாட்களில் முதல்முறையாக ஒரு முழு வாக்கியம் பேசினார். "மிஷின் என் இடத்துல உட்காரட்டும், நான் கம்பளத்தோட ஷேர் டாக்சியில வரேன், அங்கேயாவது யாரும் அளவெடுக்க மாட்டாங்க."

அம்மா ஒப்புக்கொண்டாள், நிபந்தனையோடு: மிஷின் ஊருக்கு வரலாம், சீரில் வரக் கூடாது. நேராகக் கராஜுக்கு, போர்வை போட்டு மூடி, கேட்டால் என்னுடைய சாமான். அக்கா சரி என்றாள். அந்தச் சரியைக் கேட்க எனக்கே பிடிக்கவில்லை.

மிஷினைத் தூக்கி ஏற்ற நான்கு பேர் தேவைப்பட்டார்கள். புபக்கர் அதன் தலையைத் தட்டிக்கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

ஆகஸ்ட் 10, சனி.

இப்போது எனக்கு இருப்பது கோபமா வெட்கமா தெரியவில்லை.

எல்லையில் மூன்று மணி நேர வரிசை, வெயில். எங்கள் முறை வந்தது. நரைத்த மீசைக்கார அதிகாரி பின் கதவைத் திறந்தார். ஒரு பக்கம் அக்கா, ஒரு பக்கம் சீட் பெல்ட் போட்டு மிஷின். "தம்பி, இது என்ன?"

இங்கேதான் நான் கெடுத்தேன். கேட்டால் சரியாகப் பதில் சொல்கிற வியாதி எனக்கு. இருபது லிட்டர் என்றேன். ஒரு தடவைக்கு எட்டு கிலோ மாவு என்றேன். நாள் முழுக்க ஓடினாலும் சூடாகாது என்றேன். பெருமையாக வேறு சொன்னேன்.

"எட்டு கிலோவா? அப்போ கடைச் சாமான். வியாபாரக் காகிதம் எங்கே?"

காகிதம் இல்லை. இல்லையென்றால் இறக்கி வைத்துவிட்டுப் போ என்றார். சமையலுக்குத்தான் என்று இழுத்தேன். ஊருக்கே சமைக்கிறீங்களா என்றார். அக்கா நிமிராமல் மிஷினுக்குப் போட்ட சீட் பெல்ட்டை அவிழ்க்க ஆரம்பித்தாள். கொக்கியை அமுக்கிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அம்மா இறங்கினாள். முழங்கால் வலி, கதவைப் பிடித்துக்கொண்டு.

"அது என் பொண்ணோட சீர்."

அதிகாரி சிரித்தார். "ஹஜ்ஜா, சீர்ல கம்பளம் பார்த்திருக்கேன், தங்கம் பார்த்திருக்கேன். மாவு மிஷின் பார்த்ததில்லை."

"இப்போ பார்த்துட்டேல்ல. வீட்ல போய்ச் சொல்லு."

"அல்லாஹ் மேல ஆணையா சீரா?"

அம்மா சும்மா ஆணையிடுகிறவள் அல்ல. காய்கறிக்காரனிடம்கூட அந்தச் சொல்லை எடுக்க மாட்டாள். திரும்பி அக்காவைப் பார்த்தாள்.

"வல்லாஹி, சீர்தான். தட்டு, துண்டு, மத்ததெல்லாம் நான் ஆசைப்பட்டு வாங்கினது. இது ஒண்ணுதான் அவளா கேட்டது."

அவர் மிஷினைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கதவைச் சாத்தினார். பாஸ்போர்ட்டுகளை என்னிடம் தராமல் அம்மாவிடம் தந்தார்.

எல்லையைத் தாண்டி எல் காலா வரை வந்தோம். பிறகு அம்மா: "அந்த ஆள்கிட்ட எதுக்குடா எட்டு கிலோன்னு சொன்னே?"

"கேட்டாரு, சொன்னேன்."

"உன்னைக் கட்டிக்கப் போறவ பாவம்."

அக்கா பின்னால் சிரித்தாள். அழுகையும் கொஞ்சம் கலந்திருந்தது என்று நினைக்கிறேன். கண்ணாடியில் சரியாகத் தெரியவில்லை, ரோடைப் பார்க்க வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு. வீடு.

அப்பா எங்களுக்கு ஐந்து மணி நேரம் முன்பே வந்து கம்பளத்தை விரித்து அதன் மேலேயே தூங்கிக்கொண்டிருந்தார். மிஷின் கராஜில்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்.

பெல்ட் மாற்றிக்கொண்டிருந்தேன். அம்மா கராஜ் வாசலில் வந்து நின்றாள். இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"ஆணையிட்டுட்டேன். சீர்னு சொன்னது சீர்ல இல்லேன்னா நான் பொய் ஆணை போட்டவளா ஆயிடுவேன்."

மூன்று நாள் நோன்பு வைத்தால் பரிகாரம் ஆகிவிடாதா என்று கேட்டேன். கேட்ட பிறகுதான், இது அக்காவுக்கு எதிரான கேள்வி என்று உறைத்தது. குனிந்து பெல்ட்டை மாட்டினேன்.

"நோன்பு வெக்கலாம்" என்றாள். "ஆனா அன்னைக்கு அந்த ஆள்கிட்ட சொன்னது பொய் இல்லையே." திரும்பிப் போகும்போது, நன்றாகத் தேய்த்துக் கழுவு, ஓரத்தில் இல்லை, நடுவில் வைக்கப் போகிறேன் என்றாள்.

ஆகஸ்ட் 29, வியாழன்.

சாம்பல் பெயின்ட், இரண்டு கோட். புதுப் பேரிங். முனகல் போய்விட்டது.

செப்டம்பர் 5, வியாழன்.

சீர் பரப்பும் நாள். ஆண்களுக்கு அனுமதி இல்லை, நானும் அப்பாவும் சமையலறையில் காபித் தட்டுகளுக்குக் காவல். கதவிடுக்கில் பார்த்தேன். பொன்னிழை வெல்வெட் அங்கிகள், ஹம்மாம் குளியலுக்கான செம்புக் கிண்ணம், மெத்தைகள், மீன் தட்டுகள். எல்லாவற்றுக்கும் நடுவில், கைருவான் கம்பளத்தின் மேல், ரோஜா நிற சாட்டின் ரிப்பன் கட்டிய எண்பத்தைந்து கிலோ இரும்பு.

குலவை பாதியில் நின்றது.

மாப்பிள்ளையின் அத்தை கேட்டாள்: "பொண்ணை அனுப்புறீங்களா, பேக்கரியை அனுப்புறீங்களா?"

"ரெண்டையும்தான்" என்றாள் அம்மா. "தூக்க ஆள் கூட்டிட்டு வந்திருக்கீங்களா?"

சில பேர் சிரித்தார்கள். லல்லா ஸகியா சிரிக்கவில்லை. துண்டுகளைத் தொடவில்லை, தட்டுகளைத் தொடவில்லை. மிஷின் கிண்ணத்துக்குள் கையை விட்டு அடிப்பாகத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு காபி குடித்துவிட்டுப் போய்விட்டாள். நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை.

அக்கா சாப்பிடவில்லை. அம்மா நான்கு தடவை என்னிடம், முகம் எப்படி இருந்தது, முகம் எப்படி இருந்தது என்று கேட்டாள். கதவிடுக்கில் பாதி முகம்தான் தெரிந்தது என்றேன். உண்மைதானே?

செப்டம்பர் 7, சனி.

செய்தி இல்லை. அக்கா சிரிக்காமல் மூன்று கேக் முடித்தாள்.

செப்டம்பர் 9, திங்கள்.

லிஃப்ட் குழிக்குள் இருந்தபோது போன். லல்லா ஸகியா. என் எண்ணை ஃபோதிலிடம் வாங்கினாளாம்.

"தம்பி, அந்த மிஷினுக்குத் தனி ஒயர் வேணுமா?"

ஆமாம், எர்த்தோடு தனி லைன் என்றேன். சமையலறையில் எந்தச் சுவர் என்று கேட்டேன்.

"சமையலறையில எதுக்கு? அங்க நான் இருப்பேன், ரெண்டு பேரும் முட்டிக்கவா? முற்றத்து அறையைக் காலி பண்ணிட்டேன். ஜன்னல் பக்கமா போடு. நாள் முழுக்க நின்னு வேலை பாக்கிறவளுக்கு வெளிச்சம் வேணாமா?"

இரண்டரை சதுர மில்லிமீட்டர் கம்பி பன்னிரண்டு மீட்டர், பதினாறு ஆம்பியர் பிரேக்கர் ஒன்று, பிளக் பாயிண்ட் இரண்டு. மிஷினுக்கு ஒன்று போதும் என்றேன். பின்னால் அடுப்பும் வரும், இரண்டாகவே போடு என்றாள்.

நாளை காலை எட்டு மணிக்குப் போகிறேன்.