பந்து உருளத் தொடங்கும் இடம்

ஜூலை 3, வியாழன்

வெயில். காலை ஏழு மணிக்கே ஷெட்டுத் தகரம் சுட்டது. கரண்ட் இரண்டு முறை போனது.

ஆர்டர் கொடுக்கப்போகிற கோயம்புத்தூர்க்காரரின் சாம்பிள் டெஸ்ட். கோல்ஃபில் பந்தைக் குழிக்குள் தள்ளுகிற கடைசி அடிக்குத் தனி மட்டையாம். அதன் முகத்தில் பதிக்கப் பீங்கான் தகடு. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளம், வெறும் வெள்ளை. கப்பும் பொம்மையும் செய்கிற நமக்கு இது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

உத்தரத்தில் கயிறு கட்டி மட்டையைத் தொங்கவிட்டு, ஒரே உயரத்திலிருந்து விட்டு அடித்தோம். கீழே கல்யாண மண்டபத்துப் பச்சைக் கார்ப்பெட். பந்தில் பேனாக் கோடு. செல்போனில் ஸ்லோ மோஷன்.

அடித்ததும் பந்து உருளும் என்று நினைத்திருந்தேன். இல்லை. முதலில் வழுக்குகிறது. கோடு அசையாமல் நிற்க, பந்து மட்டும் போகிறது. அப்புறம்தான் சுற்றுகிறது. சீக்கிரம் சுற்றினால் நேராகப் போகும்.

வழவழத் தகடு: மூன்று சாண் வழுக்கல்.
வரி போட்ட தகடு: இரண்டு சாண். ஆனால் பந்து துள்ளுகிறது.
அதே வரித் தகடு, காயவைத்த மூன்றாவது தட்டில் இருந்தது: ஒரே சாண். துள்ளலே இல்லை.

ஒரே அச்சு, ஒரே மண். மூன்றாவது தட்டு மட்டும் ஏன் இப்படி?

வரும்போது தக்காளி வாங்க மறந்தேன்.

ஜூலை 4, வெள்ளி

காரணம் கிடைத்தது. அண்ணி.

என் வீட்டுக்காரரின் அக்கா. கணவர் இல்லை. மகள் நர்ஸிங் முதல் வருஷம். போன வருஷம் நான்தான் கம்பெனியில் சேர்த்துவிட்டேன். மூன்றாவது தட்டுத் தகடுகளைச் சூளைக்கு முன்னால், பச்சையாக இருக்கும்போதே, ஈர ஸ்பாஞ்சால் துடைத்திருக்கிறார். கப்பு விளிம்பு துடைத்துப் பழகிய கை. வரியின் கூர் மழுங்கிப்போனது. அதுதான் பந்தைத் துள்ளவிடாமல் சுற்றவைக்கிறது.

"தொடைக்காதன்னு யாரும் சொல்லலியே மல்லிகா. பிசுறோட சூளைக்கு அனுப்ப மனசு வர்ல."

வரிக்குள் தண்ணீர் நின்று காய்ந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பொம்மைக் கழுத்துகளில் பார்த்திருக்கிறேன். முடி அளவு விரிசல், உள்ளே.

மத்தியானம் கோயம்புத்தூர் போன். ஸ்பீக்கரில்.

"வீடியோ பார்த்துட்டேனுங்க. மூணாவது தட்டுல இருக்கறதுதான் வேணும். அதே மாதிரி ஒரு பெட்டி அனுப்பிருங்க."

முதலாளி சாருக்கு வாயெல்லாம் பல். அண்ணியிடம், எல்லாவற்றையும் துடைக்கச் சொல்லி உத்தரவு. அண்ணிக்கு ஒரே பெருமை.

ஜூலை 9, புதன்

காற்று. ஷெட்டு பூரா புழுதி. இடது கண் துடிக்கிறது.

பெட்டிக்கான தகடுகள் சூளையிலிருந்து வந்தன. நகத்தால் சுண்டினேன். எல்லாம் கணீர். ஒன்று மட்டும் சத்தமே சரியில்லை. நீல இங்க் தடவித் துடைத்தேன். வரிக்கு அடியில் விரிசல் கோடு. கணீரென்ற ஒன்றுக்கும் தடவினேன். அதிலும் கோடு.

அப்படியானால் சுண்டிப் பார்ப்பது வீண். இங்க்தான் வழி. ஆனால் கறை வரியை விட்டுப் போகாது, தகடு வெள்ளையாக வேண்டும் என்கிறார்கள். தடவிப் பார்த்தவை குப்பைக்குத்தான்.

சாரிடம் போனேன். வாயைத் திறப்பதற்குள், மேஜையில் இருந்த உடைந்த கப்பைக் காட்டி, "இன்னொரு வாட்டி ஒங்க அண்ணி கையால ஏதாச்சும் வீணாச்சுன்னா, நீயே அழைச்சிட்டுப் போயிடு" என்றார்.

ஸ்பாஞ்சு என்று சொன்னால் அண்ணிக்கு வேலை இல்லை. துடைக்கச் சொன்னவரே சார்தான், ஆனால் பழி அண்ணி மேல்தான் விழும்.

அந்த இரண்டையும் குப்பையில் போட்டேன். மீதியெல்லாம் சரிபார்த்தாயிற்று என்று கையெழுத்துப் போட்டேன். பயமாக இருக்கிறது.

ஜூலை 10, வியாழன்

பார்சல் போனது. அண்ணி ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் போய்ப் பெருமாளைப் பார்த்துவிட்டுப் பிரசாதம் கொண்டுவந்தார். "என் கை பட்டதுதான் நல்லா உருளுதாமே?" ஆமாங்க அண்ணி என்றேன்.

வெறும் விளையாட்டுச் சாமான். மெதுவாகத் தட்டுகிற அடி. என்ன ஆகிவிடப் போகிறது.

இதையே நாலு தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஜூலை 12, சனி

மேகமூட்டம். மழை இல்லை.

மூன்றாவது தட்டுத் தகடு பதித்த சாம்பிள் மட்டை கயிற்றில் அப்படியே தொங்கியது. யாரும் இல்லாத நேரத்தில் அடித்துக்கொண்டே இருந்தேன். எண்ணவில்லை. பந்து ஒவ்வொரு தடவையும் அழகாக, நேராக. தகடு உடையவில்லை. சத்தம்கூட மாறவில்லை. நிம்மதியாகி, தகட்டுத் தூசியைக் கட்டைவிரலால் ஒரு இழுப்பு.

வலிக்கவே இல்லை. ரத்தம் பார்த்துத்தான் தெரிந்தது. வரி ஓரத்தில் உமி அளவுக்குச் சில்லு பெயர்ந்து, பிளேடாக நிற்கிறது. நாலு தையல். டாக்டரம்மா கேட்டதற்கு அரிவாள்மணை என்றேன்.

திரும்பி வந்ததும் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்பாஞ்சு, இங்க், கையெழுத்து. அண்ணி வாசலில் நின்று கேட்டார். பையை எடுத்துக்கொண்டு போனார். சார் கோயம்புத்தூருக்குப் போன் போடவில்லை. "திங்கக்கெழம பாத்துக்கலாம்."

நானே போட்டேன். மூன்று தடவை. எடுக்கவில்லை. தகட்டைக் கையால் தொடாதீர்கள் என்று மெசேஜ் அனுப்பினேன். பார்க்கவில்லை.

மதியம் மூன்று மணி. அவரிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். எப்போதோ பேசி வைத்தது, சிக்னல் வந்ததும் வந்திருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்:

"மேடம், உருளுறது அருமைங்க. எங்கப்பா காலையில இருந்து மட்டையக் கீழ வெக்கவே இல்ல. சுகர்ல வெரலெல்லாம் மரத்துப்போனதுக்கு அப்பறம் எதையும் தொடாத மனுசன். ஒவ்வொரு அடிக்கும் கட்டவெரல்ல அந்தத் தகட்டத் தொடச்சுட்டுத்தான் அடிக்கறாரு. ஒரே ஒரு கொறைங்க. தகட்டுல இருந்து செவப்புச் சாயம் வந்து பந்துல ஒட்டுது. அத மட்டும் சரி பண்ணிருங்க."

நாங்கள் சாயம் எதுவும் போடவில்லை.

கூப்பிடுகிறேன். ரிங் போகிறது. யாரும் எடுக்கவில்லை.