நாளைக்குக் கப்பல்

ஐயா,

மூத்த பேரன் இந்த முறை வகுப்பிலே முதலாம் ஆள். அவன் எழுதிய கட்டுரையை வாத்தியார் மற்றப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினாராம். சின்னவன் பந்தடியில் கிண்ணம் வாங்கி வந்திருக்கிறான். பேத்தி கோயிலில் தனியாகப் பாடினாள். இத்தாலியச் சிஞ்ஞோராமார் எழும்பி நின்று கை தட்டினார்கள். முன்பென்றால் இதையெல்லாம் உங்களுக்குத்தானே சொல்வேன். "பிராவோ, பிராவோ" என்பீர்கள். பிறகு கப்பலைப் பற்றிக் கேட்பீர்கள்.

இன்று காலை பேத்தியின் கோட்டு ஈரம் என்று என் பழைய கோட்டை அவளுக்குப் போட்டுவிட்டேன். பைக்குள் கையை விட்டவள் கத்தினாள்.

"அம்மம்மா, இதென்ன, கல்லோ? கெ ஸ்கீஃபோ!"

"அருவருக்காதை. அங்கை வை. அது காய்ஞ்ச பாண் துண்டு."

உங்கள் பாண், ஐயா. எள்ளு இன்னும் ஒட்டியிருக்கிறது. மணந்து பார்த்தேன். கோட்டின் மணம்தான்.

உங்களைப் பார்த்துக்கொள்ள நான் வந்த முதல் நாள், என் நிறத்தைப் பார்த்துவிட்டு, "தண்ணி" என்றீர்கள். தமிழிலே. நான் திகைத்து நின்றேன். உங்கள் மகள்தான் விளங்கப்படுத்தினா: பெரிய யுத்தத்தில் லிபியா மணலில் இங்கிலீசுக்காரரிடம் பிடிபட்டவர், இந்தியாவிலே பெங்களூர்ப் பக்கம் முட்கம்பிக்குள் வருடக்கணக்காய் இருந்தவர். இத்தாலி சண்டையை விட்ட பிறகும், ஏன், உலகம் முழுக்கச் சண்டை ஓய்ந்த பிறகும், உடனே கப்பல் கிடைக்கவில்லையாம். முகாமில் சமைத்தவன் ஒரு தமிழன்.

"அந்தச் சமையற்காரன் உனக்கு என்ன முறை?" என்று இத்தாலியனில் கேட்டீர்கள்.

"எங்கடை ஆக்கள்தான், ஐயா."

"அப்ப அவனிட்டைச் சொல்லு, சோத்திலை கல்லுக் கிடக்குது."

உங்கள் தலைக்குள் அந்த முகாம் மட்டும்தான் மிஞ்சிக் கிடந்தது. பக்கத்து ரயில் நிலையம், ஸ்தாசியோனே சென்ட்ராலேயின் ஒலிபெருக்கி கத்தினால், ஆட்களை எண்ணுகிறார்கள் என்று கட்டிலடியில் விறைத்து நிற்பீர்கள். பல்லரோச் சந்தையில் நான் வாங்கிவரும் பாணில் பாதியைத் தலையணைக்குக் கீழே ஒளிப்பீர்கள். பின்னேரமானால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னை எப்ப வீட்டை போக விடுவியள்?" சொந்த வீட்டுக் கட்டிலில் இருந்தபடி கேட்பீர்கள். "இதுதான் ஐயா உங்கடை வீடு" என்றால் அழுவீர்கள்.

ஒருநாள் களைத்துப்போய்த் தமிழிலே "நாளைக்கு" என்றேன். உங்கள் முகம் மலர்ந்தது. சமையற்காரனும் அப்படித்தான் சொல்வானாம், எதைக் கேட்டாலும் நாளைக்கு. அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் அதுதான். "நாளைக்குக் கப்பல், ஐயா." நிம்மதியாய்ச் சாப்பிடுவீர்கள்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் பக்கத்துச் சனமெல்லாம் சண்டைக்குப் பயந்து வீடுகளை விட்டு வெளிக்கிட்டது என்று மருமகன் வந்து சொன்னபோது, உங்கள் குசினியில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். அக்கா அங்கேதான் இருந்தா. அவவால் நடக்க ஏலாது. யாரும் தூக்கினார்களோ இல்லையோ, ஒருவருக்கும் தெரியாது. மருமகன் போய்விட்டான். நான் கிழங்கைச் சீவி முடித்தேன். பிறகு உங்கள் கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தேன். ஒலிபெருக்கி கத்தியது. நீங்கள் எழும்பவில்லை. என்னையே பார்த்தீர்கள்.

"உனக்கும் கப்பல் தரேல்லையோ?"

"இல்லை, ஐயா."

தலையணைக்குக் கீழிருந்து பாணை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடித்துவிட்டீர்கள். காவற்காரனுக்குக் கேட்காமல் சொல்வதுபோல, மெல்ல, தமிழிலே சொன்னீர்கள்.

"நாளைக்கு."

வீட்டுக்குப் போகும்போது அதைக் கோட்டுப் பைக்குள் போட்டேன். தின்ன மனம் வரவில்லை. எறியவும் வரவில்லை.

அக்காவைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. உங்களைக் கல்லறைக்குக் கொண்டுபோன அன்றும் எனக்கு அழுகை வரவில்லை, ஐயா. மகள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதா. நான் கட்டில் விரிப்பை உதறினேன். பாண்தூள் கொட்டியது. கூட்டினேன்.

கல்லறையில் மகள் உங்கள் படம் பதித்திருக்கிறா, பட்டாளத் தொப்பியோடு. பூவும் கையுமாய்ப் போய் நின்றேன். அந்த இளந்தாரியை எனக்குத் தெரியாது.

பாணைத் திரும்பவும் பைக்குள் வைத்துவிட்டேன். பேத்தி ஈரக் கோட்டோடுதான் பள்ளிக்கூடம் போனாள்.

கப்பலால் இறங்கிவிட்டீர்கள் என்றால், அங்கை படம் பிடிக்கிறவை யாரும் இருந்தால், ஒரு புதுப்படம் எடுத்துத் தபாலில் போட்டுவிடுங்கோ. நான் பார்த்த முகத்தோடு. தொப்பி வேண்டாம்.