திரைக்கு எட்டாத ஆமாம்

டிசம்பர் 19

என் அப்பாவின் பெயரைத் தாங்கிய ஜோனாசிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் தங்கை நூட்டராக்கும் சுகம், ஒட்டாவாவில் நீயும் சுகமாகவே இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பாவின் முழங்கால் வலி தேவலை, பனிவண்டிதான் இன்னும் பிரித்துப் போட்டபடி கிடக்கிறது. உனக்கு உலர்மீன் கட்டி வைத்திருக்கிறேன், விமானம் வந்தால் அனுப்புவேன்.

நூட்டராக்கை உன்னிடம் அனுப்பிப் படிக்க வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். அவளுடைய கணக்கு வகுப்பை ஹாலிஃபாக்ஸிலிருந்து டூசே என்பவர் திரை வழியாக நடத்துகிறார். வகுப்பில் யாரும் வாயே திறப்பதில்லை, ஜனவரிக்குப் பிறகு நடத்துவதில் பயனில்லை என்று அவர் தலைமையாசிரியருக்கு எழுதிவிட்டார். அந்தக் கணக்கு இல்லாமல் அவளுக்கு நர்சிங்கில் இடம் கிடைக்காது. பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்த உதவி ஆசிரியை அக்டோபரிலேயே வேலையை விட்டுவிட்டதால், நீங்கள் வந்து பாருங்கள் என்று தலைமையாசிரியர் கீழ் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கும் என்னை அழைத்தார்.

போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். மனிதர் நன்றாகவே நடத்துகிறார். நான் கரும்பலகையில் ஒரு மணி நேரம் போராடும் வளைகோட்டை அவர் விரலால் இழுத்துத் திருப்பிக் காட்டுகிறார். முடித்துவிட்டு, புரிஞ்சுதா என்றார். ஐந்து பிள்ளைகளும் புருவத்தை உயர்த்தினார்கள். அவர் காத்திருந்துவிட்டு, யாராவது இருக்கீங்களா என்றார். இன்னும் உயர்த்தினார்கள், நெற்றியில் அதற்குமேல் இடமில்லை. கேமராவோ சுவரின் உச்சியில் இருக்கிறது, அவருக்குத் தெரிந்தது ஐந்து தொப்பிகள்தான். முகம் தெரிந்திருந்தாலும் அவர் ஊரில் ஆமாம் என்பதை நம்மைப் போலப் புருவத்தால் அல்ல, வாயால்தான் சொல்வார்கள். பனித்துளை அருகே சீல் வேட்டைக்காக அசையாமல் நிற்பவனைப் படத்தில் பார்த்தால் தூங்குகிறான் என்றுதானே தோன்றும், அதுபோலத்தான்.

வீட்டில் நூட்டராக்கைக் கேட்டால் அவளுக்கு ஒரே கோபம். "ஆமான்னு சொன்னப்புறமும் திரும்பத் திரும்பக் கேட்டா என்னம்மா அர்த்தம், நாங்க பொய் சொல்றோம்னா?" என்றாள். இதுகூட அவருக்குத் தெரியாமல் இருக்கும் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மூச்சு விடுவதை யாராவது விளக்கிச் சொல்வார்களா?

மறுநாள் வகுப்பு முடிந்ததும் திரைமுன் போய் டூசேயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "செப்டம்பர்லேர்ந்து சுவத்துக்குப் பாடம் எடுக்கறேன்னு நெனச்சேம்மா" என்றார். கேமராவை இறக்கி மேசைமேல் வைத்தோம், தொப்பிகளைக் கழற்றச் சொன்னேன். அவரும் புருவத்தை உயர்த்திப் பழகினார். முதல்நாள் கண்ணையும் சேர்த்து விரித்துவிட்டார். "சார், அது ஆமா இல்ல, ஆந்தை" என்று நூட்டராக் சொல்ல, தலைமையாசிரியரே எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரிப்பு. இப்போது பிள்ளைகள் மூக்கைச் சுருக்கினால், புரியலையா, சரி என்று அவரே திரும்பப் போட்டுக் காட்டுகிறார். ஆனாலும் ஜனவரியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நேற்று விடுமுறைக்கு முந்தைய கடைசி வகுப்பு. பாடம் முடிந்ததும் நூட்டராக் தயங்கித் தயங்கி, ஜனவரியிலயும் வருவீங்களா சார் என்று கேட்டாள். டூசேயின் முகம் அப்படியே நின்றுவிட்டது, வாய் அசையவில்லை. புயல் நாளில் இணைப்பு உறைந்து போவது வழக்கம்தானே, அதுவும் இந்த நேரத்திலா என்று நான் எழுந்தே விட்டேன். அப்போது அவருக்குப் பின்னால் அவர் வீட்டுப் பூனை அலமாரியிலிருந்து குதித்து நடந்து போனது. படம் உறையவில்லை. அவர் புருவங்கள்தான் மேலே நின்றுகொண்டிருந்தன.

ஆகவே அவளுக்கு அங்கே அறை தேடாதே. அவள் இங்கேயே படித்து முடிக்கட்டும்.

குளிருக்குக் காதை மூடிக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. உன் கை தொட்டதெல்லாம் நன்றாக நடக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை போனில் குரல் மட்டும் வேண்டாம், முகம் தெரியக் கூப்பிடு. வசந்தத்தில் ஊருக்கு வருவாயா என்று நூட்டராக் கேட்கப் போகிறாள். பதிலுக்கு நீ வாயைத் திறக்க வேண்டியதில்லை.

உன் அம்மா,
ஊலாயு