முன்பக்கக் கேபின் வேண்டாம்

மல்லசமுத்திரம்
19-11-81, வியாழக்கிழமை

அன்பு மகள் வசந்தாமணிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றிக் கேட்காதே. அங்கே போர்ட் பிளேயரில் நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கும் சாமியும் சுகமாக இருக்க வேண்டுமென்று அங்காளம்மனைக் கும்பிட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். கடிதம் கைக்கு வந்ததும் அடுப்பில் எது இருந்தாலும் இறக்கி வைத்துவிட்டு முழுவதையும் படி. முதல் நாலு வரியைப் பார்த்துவிட்டு, அப்பாவின் பழைய பாட்டுத்தான் என்று மாப்பிள்ளையிடம் நீட்டிவிடாதே.

மழை இன்னும் விட்டபாடில்லை. பிடுங்கிப் போட்ட நிலக்கடலை காயாமல் களத்திலேயே முளைத்துவிட்டது. செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது, பால் பரவாயில்லை. எடப்பாடியில் உன் சித்தப்பா சின்னண்ணன் மகளுக்குத் தை மாதம் நிச்சயம் வைத்திருக்கிறார்கள். இதெல்லாம் கிடக்கட்டும், சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். வருகிற 26-ந் தேதி கப்பலில் அந்த முன்பக்கக் கேபினில் நீ ஏறக் கூடாது. முன்பக்கம்தான் வேண்டும் என்று நான் போன மாதம் எழுதியது தப்பு.

இப்படி எழுத எனக்குக் கை கூசுகிறது. முப்பது வருஷம் லாரி ஓட்டியவன், பயண விஷயத்தில் சென்னியப்பன் சொன்னது தப்பு என்று இதுவரை ஒருத்தன் வாயிலும் வந்ததில்லை. உனக்கு ஞாபகம் இருக்கும், சின்னப் பிள்ளையில் பஸ்ஸில் ஏற்றினால் திருச்செங்கோடு போவதற்குள் மூன்று தடவை வாந்தி எடுப்பாய், அதே நீ என்னோடு லாரியில் முன்னால் கேபினில் உட்கார்ந்தால் சேலம் வரைக்கும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வருவாய். போன தடவை நீ மாப்பிள்ளையோடு அங்கே போகக் கப்பல் ஏறினபோது வயிற்றில் மூன்று மாதம். பின்பக்கம் அடுக்குக் கட்டிலில் போட்டார்கள், மூன்று நாளும் குடித்த தண்ணீர்கூட உள்ளே தங்கவில்லை, கரை இறங்கிய எட்டாம் நாள் குழந்தை போய்விட்டது. வாந்தியால் மட்டும் கலையாது என்று அங்கே டாக்டரம்மா சொன்னதாக நீ எழுதியிருந்தாய். படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், ஆனால் உன் அம்மா அதை நம்பவில்லை, உள்ளதைச் சொன்னால் நானும் நம்பவில்லை. பின்பக்கம் படுத்ததால் வந்த வினை என்று என் மனசில் பதிந்துபோயிற்று.

அதனால்தான் இந்தத் தடவை மாப்பிள்ளை, பிரசவத்துக்கு வருகிறவளுக்குக் கேபின் எடுத்தாயிற்று, கப்பலுக்கு நடுவில் கீழ்த்தளத்தில் என்று எழுதியதும் எனக்குச் சுருக்கென்றது. நமக்குக் கேபின் என்றால் லாரியில் டிரைவர் உட்காருகிற இடம். அது முன்னால் இருக்கும், நடுவில் ஏது கேபின்? நடுவில் இருப்பது பாடி, மூட்டை அடுக்குகிற இடம். கவர்மெண்டு உத்தியோகம் பார்க்கிற சாது, டிக்கெட் கொடுக்கிறவன் மூட்டை போடுகிற இடத்தைக் கேபின் என்று இவர் தலையில் கட்டிவிட்டான் என்று நானே நினைத்துக்கொண்டு, டிரைவருக்குப் பக்கத்தில் முன்பக்கக் கேபின் கொடுத்தால் ஏறட்டும், இல்லாவிட்டால் ஏறவே வேண்டாம் என்று கறாராக எழுதிப் போட்டேன். கப்பலில் ஆள் படுக்கிற அறை எல்லாவற்றுக்குமே கேபின் என்றுதான் பெயராம். இதைச் சொல்ல எனக்கு ஒரு நாதி இல்லை. மாப்பிள்ளையாவது எதிர்த்து ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம், நீயாவது எழுதியிருக்கலாம். அவரோ மாமனார் சொல்லைத் தட்டக் கூடாதென்று ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, நடுவில் கிடைத்திருந்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, முன்பக்கத்துக் கடைசி அறையை வாங்கியிருக்கிறார். அந்தக் கடிதம் போன வெள்ளிக்கிழமை வந்தது. நானும் படித்துவிட்டு, பார்த்தாயா நான் சொன்னதை நடத்திக் காட்டிவிட்டார் என்று உன் அம்மாவிடம் பெருமை அடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சின்னுசாமி வந்தான். ரிக் வண்டி வைத்து ஆழ்குழாய்க் கிணறு போடுகிறானே, மேற்குத் தோட்டத்தானின் தங்கை மகன், அவன்தான். ஆவணியில் அந்தமானுக்கு வண்டியைக் கொண்டுபோய் வேலை பார்த்துவிட்டு வந்திருக்கிறான், மறுபடியும் போகப் போகிறான். நான் முன்பக்கக் கேபின் கதையை எடுத்ததும் குடித்துக்கொண்டிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டு, ஐயோ மாமா, யாருங்க உங்களுக்கு இப்படிச் சொன்னது, மாசமா இருக்கற புள்ளைய அங்க படுக்க வெக்கலாமுங்களா என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. முப்பது வருஷம் ஓட்டியவனுக்கு நீ சொல்லித் தருகிறாயா என்று கேட்டுவிட்டேன். அவன் ஷெட்டில் கிடந்த நீளப் பலகையை எடுத்து, நாலு செங்கல்லை அடுக்கி அதன் மேல் போட்டு, நீங்க இந்த நுனியில நில்லுங்க மாமா, நான் அந்த நுனிய மிதிக்கறேன் என்றான். மிதித்தான். இந்த வயதில் நான் ஒரு முழம் எழும்பி இறங்கினேன், சாப்பிட்டது தொண்டைக்கு வந்துவிட்டது. இப்ப நடுவுல வந்து நில்லுங்க என்றான். நடுவில் நின்றேன், பலகை அசைந்தது, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அச்சு நடுவுல இருக்குதுங்க மாமா, அலை மூக்கத் தூக்கி அடிக்கும், வாலுல தண்ணியத் தள்ற விசிறி சுத்தற அதிர்ச்சி, மேல் தளம் தென்னை மரமாட்டம் ஆடும், நடுவுல கீழ இருக்கற அறை மட்டுந்தான் கிடக்கற எடத்துல கிடக்கும் என்றான். மாப்பிள்ளை முதலில் எடுத்திருந்தது அதுதான் அம்மிணி. சரியாக அதுதான்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அவன் திரும்பி வந்த கப்பலில் முன்பக்கத்தில் பெண்கள் அறை ஒன்று இருந்ததாம், அதில் ஆறு மாதக்காரி ஒருத்தி தனியாக வந்தாளாம். இரண்டாம் நாள் கடல் கெட்டதும் அந்த அறையிலிருந்து சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததாம், மூன்றாம் நாள் சத்தம் இல்லையாம். மெட்ராஸில் எல்லோரையும் நிறுத்தி வைத்துவிட்டு அவளை முதலில் தூக்கி இறக்கினார்கள் என்றான். அப்புறம் என்னடா ஆச்சு என்று கேட்டேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் பார்த்தான். உன் அம்மா நின்றுகொண்டிருந்தாள். அதுக்கு மேல எனக்குத் தெரியாதுங்க அத்தை என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போய்விட்டான். தெரியாதவன் மாதிரி இல்லை அவன் முகம்.

திங்கட்கிழமை முதல் வேலையாகப் போஸ்ட் ஆபீஸுக்குப் போய், முன் அறை வேண்டாம், நடு அறைக்கு மாற்றவும் என்று தந்தி கொடுத்தேன். மழையில் அந்தப் பக்கத்து லைன் சரியில்லை, போய்ச் சேர்ந்ததா என்று நாங்கள் சொல்ல முடியாது என்றார் போஸ்ட் மாஸ்டர். நாலு நாளாகிறது, உங்களிடமிருந்து பதில் இல்லை. உன் அம்மா என்னிடம் சொல்லாமல் கோயிலுக்குப் போய்ப் பூப்போட்டுக் கேட்டிருக்கிறாள். வெள்ளைப் பூ வந்தால் நீ கப்பலில் வரலாம், சிவப்பு வந்தால் கூடாது என்று நினைத்துக்கொண்டு பொட்டலம் எடுக்கச் சொன்னாளாம். இரண்டு தடவையும் சிவப்பு. பூவெல்லாம் பொட்டலத்தில் பாதி பாதியாகத்தான் இருக்கும், அதற்கென்ன என்று அவளைச் சத்தம் போட்டேனே தவிர, அன்றைக்கு எனக்கும் சோறு இறங்கவில்லை.

ஆகையால் இதைப் பார்த்ததும் மாப்பிள்ளை கப்பல் ஆபீஸுக்குப் போகட்டும். நடுவில் கீழ்த்தளம் கிடைத்தால் மட்டும் வா. எந்திரத்துக்குப் பக்கம் என்பதால் டீசல் வாடை அடிக்குமாம், அது லாரிக்காரன் மகளுக்குப் பழகினதுதான். வெறும் வயிற்றோடு ஏறாதே, பொரியும் சுக்கும் கையில் வைத்துக்கொள், புத்தகம் படிக்காதே, முடிந்தபோது வெளியே வந்து வானமும் தண்ணீரும் சேருகிற இடத்தையே பார்த்துக்கொண்டிரு.

மேலே உள்ளது காலையில் எழுதியது. இப்போது சாயங்காலம் நாலரை மணி. அதற்குள் எல்லாம் மாறிப்போய்விட்டது. மத்தியானம் ரேடியோச் செய்தியில் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று சொன்னான், வலுக்கலாம் என்றும் சொன்னான். உன் அம்மா களத்தில் நிலக்கடலை ஆய்ந்துகொண்டிருந்தவள் எழுந்து உள்ளே வந்து, ஏனுங்க, இந்தக் கடுதாசி எப்பப் போய்ச் சேரும் என்று கேட்டாள். நான் கணக்குப் போட்டேன். தபால் போய்ச் சேருவதற்குள் நீ கப்பலில் ஏறியிருப்பாய், அந்த அறையில், இந்தக் காற்றில். அவள் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். நேராகச் சின்னுசாமி வீட்டுக்குப் போய்விட்டாள்.

நீ ஏறவேண்டிய கப்பல் நாளை மறுநாள் சனிக்கிழமை மெட்ராஸிலிருந்து கிளம்பி, செவ்வாய்க்கிழமை 24-ந் தேதி அங்கே வருகிறது. சின்னுசாமியும் அதில்தான் வருகிறான். அவன் மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டுக் கேட்டதில் ஒரே ஒரு இடம், யாரோ வேண்டாமென்று திருப்பிக் கொடுத்தது, பெண்கள் அறையில் இருந்திருக்கிறது. நீ ஏறுவதற்கு முன்னால் தானே வந்து உன்னைத் தடுத்து, பிரசவத்தையும் அங்கேயே பார்ப்பதாக உன் அம்மா அதைத் தனக்கு வாங்கச் சொல்லிவிட்டாள். திருச்செங்கோட்டு பஸ்ஸில் ஏறினாலே முந்தானையை வாயில் அடைத்துக்கொள்கிறவள். அந்த அறை எங்கே இருக்கிறது என்று நான் கேட்டேன். முன்பக்கம்தான். மாற்றித் தர வேறு இடம் இல்லையாம்.

நான் கூடாது என்றேன். ஆண்கள் அறையில் யாரையாவது இறக்கிவிட்டு நானே போகிறேன் என்றேன். நீங்க போயி என்ன பண்ணுவீங்களாம், புள்ளப்பேறு பாப்பீங்களா என்று கேட்டாள். நான் மறுபடியும் குரலை உயர்த்தினேன். அவள் கத்தவில்லை. நீங்க சொன்னதக் கேட்டுத்தானுங்க மாப்ள அந்தக் கேபின மாத்துனாரு, இன்னிக்கு ஒரு நாளைக்கு நாஞ் சொல்றத நீங்க கேளுங்க என்றாள். பின்கட்டுக்குப் போய் நின்று அழுதேன், உன்னிடம் சொல்ல என்ன வெட்கம்.

அதனால் நடு அறை கிடைத்தாலும் நீ இப்போது வர வேண்டாம். டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தலைப்பிரசவம் பிறந்த வீட்டில்தான் என்று ஊர் நாலு பேசும், பேசட்டும், நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். ஏழாம் மாதக் கட்டுச்சோற்றை அம்மா உன் அடுப்பிலேயே ஆக்கிப் போடுவாள், அஞ்சு வகைச் சோற்றுக்கும் வேண்டியதை மூட்டை கட்டிவிட்டாள். இன்னும் ஒரு மணி நேரத்தில் சின்னுசாமியின் வண்டி கிளம்புகிறது, கேபினில் ஜன்னலோரம் அவளுக்கு இடம் போட்டிருக்கிறது. இந்தக் கடிதத்தை எண்ணெய்த் தாளில் சுற்றி அவள் மடியில் கட்டி அனுப்புகிறேன். வாயால் சொல்ல வேண்டியதை ஏன் இவ்வளவு நீளம் எழுதினேன் என்று நினைக்காதே. மூன்று நாள் அந்த அறையில் கிடந்துவிட்டு இறங்கும்போது அவள் பேசுகிற நிலையில் இருப்பாளோ என்னவோ, எனக்குத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை துறைமுகத்துக்கு இரண்டு பேரும் போங்கள். எலுமிச்சம்பழமும் உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரும் கொண்டுபோங்கள். முதலில் இறங்குகிற கூட்டத்தில் அவளைத் தேடாதே. எல்லோரும் இறங்கிய பிறகும் காணவில்லை என்றால் மாப்பிள்ளை மேலே போய் முன்பக்கத்தில் பார்க்கட்டும், நீ கப்பலுக்கு ஏறுகிற பலகையில் கால் வைக்காதே, கீழேயே நில். மாப்பிள்ளை மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று சொல். நல்ல பிள்ளை, தப்பு என்னுடையது.

நீயும் உன் வீட்டுக்காரரும் பிறக்கப் போகிற சாமியும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் வாழ அப்பாவின் ஆசீர்வாதம். மறக்காதே, லைன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அன்றைக்கே தந்தி கொடுத்துவிடு. அம்மா வந்து சேர்ந்தாள் என்று மட்டும் கொடு. வேறு எதுவாக இருந்தாலும் தந்தியில் எழுதாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
ப. சென்னியப்பன்